கசிந்தால் கலப்படமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சமையல் பக்கத்தில், கொழகொழவென்று ஆன கருப்பட்டி கலப்படம், வாங்காதீர்கள் என்று ஒரு வரி வந்திருக்கிறது. பனங்காட்டு ஊரில் பிறந்த எனக்கு அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

வெண்டைக்காய் கொழகொழக்கும், ஆட்டின உளுந்து கொழகொழக்கும். கருப்பட்டி கசியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, மேலெல்லாம் வேர்த்த மாதிரி மினுங்கும், தொட்டால் விரலில் பிசுபிசுக்கும், அப்புறம் இளகும். நல்ல கருப்பட்டியின் குணமே அதுதான். அதனால்தான் ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிறோம். சீனி சேர்த்ததுதான் மழையிலும் இறுகிக் கிடக்கும். உடைத்தால் உள்ளே பளபளக்கும். நீங்கள் அதற்கு நற்சான்று கொடுத்துவிட்டு எங்கள் சரக்கைக் கலப்படம் என்கிறீர்கள்.

விடிலி என்றால் பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கின பதநீரை என் அம்மா அந்தப் புகைக்குள் நின்றுதான் காய்ச்சினார். கூப்பனி என்கிற இளம்பாகாகி, பாகு திரண்டு வரும்போது கண்ணை எடுக்க முடியாது. பதம் தப்பினால் சிரட்டையில் ஊற்றியது கட்டாது, அன்றைய பாடு போச்சு. அப்படிச் செய்ததைக் கசிந்திருக்கிறது என்று சொல்லி வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். இந்த வாரம் ஒருவர் உங்கள் பக்கத்தையே என் முன்னால் விரித்துக் காட்டி விலை பேசினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இது மட்டுமா? கருப்பட்டி என்று எழுதக் கூச்சப்பட்டு 'பனை வெல்லம்' என்கிறீர்கள். 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஒரு மூலையில் நாலு வரி. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு சொன்ன பிறகும் எங்கள் பக்கம் மரம் சாய்கிறது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லை. திருநெல்வேலி என்றாலே அல்வா மட்டும்தான் உங்களுக்கு நினைவுக்கு வருகிறது.

அடுத்த இதழில், அதே சமையல் பக்கத்தில், கசிவது கலப்படத்தின் அடையாளம் அல்ல என்று ஒரு திருத்தம் போடுங்கள். மழைக்காலம் முடிவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திசையன்விளை