ஒரே ஒரு படம் அனுப்பு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. தாத்தா ஆகிவிட்டாய், வாழ்த்துகள்! பேத்தியை நாற்பது படம் எடுத்தும் ஒன்றுகூட மனசுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் ஞாபகம் வந்துவிட்டார். சிரிக்காதே. கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பழைய போட்டோ புத்தகங்களைப் புரட்டுவதுதான் என் வேலை.

1927 ஏப்ரல் 10. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு. ஆடம்ஸுக்கு 25 வயது. கனமான காமிராவையும் படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டுகளையும் சுமந்து மலையேறி, ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நிற்கிறார். மிச்சம் இரண்டே பிளேட். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் உறைத்தது: படத்தில் பாறை வெறும் பாறையாகப் பதியும், ஆனால் அதைப் பார்த்துத் தனக்குள் எழுந்த மலைப்பு அதில் வராது. கடைசிப் பிளேட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும். கறுப்பு வெள்ளையில் நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். அதன்மேல் பாறையும் பனியும் எழுந்து நிற்கும். நின்றன!

கண்ணெதிரே இருந்த வானம் கறுப்பு இல்லை. அந்தக் கறுப்பு முதலில் அவர் மனசில்தான் விழுந்தது. ‘அப்படியானால் பொய்தானே’ என்று நீ வாதாடுவாய். மஞ்சள் ஃபில்டர் மட்டும் உள்ளதை உள்ளபடி காட்டியதா என்ன?

கல்லூரி நாளில் நாமும் ஒவ்வொரு படத்துக்கும் அவ்வளவு யோசித்தோம் என்று பெருமை பேசுவோமே, அது வேறு. ஒரு ரோலில் 36 படம்தான், கழுவக் காசில்லை. நாம் யோசித்தது செலவைப் பற்றி.

சரி, பேத்தி விஷயம். நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது, உன் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும் அந்தக் குட்டிக் கையைப் பற்றி. அனுப்பிய படங்களிலோ எல்லாமே முகம், மேலே டியூப்லைட் வெளிச்சம். நாளைக் காலை போனைத் தொடாமல் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார். லைட்டை அணைத்துவிடு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். முகம் வேண்டாம், உன் தோல் சுருங்கிய விரலும் அவள் கையும் போதும். அது எப்படி வரவேண்டும் என்று மனசில் தெளிவானபின் போனை எடு.

ஒரே ஒரு படம் அனுப்பு. புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமை வருகிறது, அதைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி