காத்திருப்பு அறையை மூடிவிடாதீர்கள்

அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

2016 கோடையில், நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் கறுப்பினக் கலைஞர் சிமோன் லீ ‘காத்திருப்பு அறை’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார். உங்களில் பலர் அதைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஜூனில் திறந்த அந்த அறை செப்டம்பரில் மூடப்பட்டது. கண்காட்சி என்றால் ஒருநாள் முடியத்தானே வேண்டும் என்பீர்கள். அந்த அறை முடிந்திருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அதுபோன்ற அறைகளை விடாமல் நடத்துகிற வசதி உங்களிடம் இருக்கிறது. அந்தப் பொறுப்பும் உங்களுக்கு உண்டு என்று சொல்லத்தான் இந்த மடல்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். எஸ்மின் எலிசபெத் கிரீன் ஜமைக்காவிலிருந்து குடியேறியவர், வயது 49. 2008 ஜூன் 18 அன்று புரூக்ளினின் கிங்ஸ் கவுண்டி மருத்துவமனையில், மனநல அவசர சிகிச்சைப் பிரிவில் அவரைச் சேர்த்தார்கள். படுக்கை இல்லை. காத்திருப்பு அறை நாற்காலியில் ஏறத்தாழ 24 மணி நேரம் இருந்தார். மறுநாள் அதிகாலை ஐந்தரை மணியளவில் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தார். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊழியர் ஒருவர் காலால் அசைத்துப் பார்த்தார். எல்லாம் கண்காணிப்பு கேமராவில் பதிவானது. மருத்துவமனைப் பதிவேட்டிலோ, 6.20 மணிக்கு அவர் காத்திருப்பு அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்ததால் அவர் இறந்தார். நகராட்சித் தரப்பு பின்னர் 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

பைத்தியம் என்ற முத்திரையோடு உள்ளே வந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று யாருக்கும் கவலை இல்லை. சிமோன் லீ அந்தச் சாவை நினைத்து ஒரு கண்காட்சி செய்ய வந்தபோது, அந்த வீடியோவைத் திரையில் ஓட்டவில்லை, தரையில் கிடக்கும் ஒரு உருவத்தையும் செய்துவைக்கவில்லை. அவருடைய கலையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்த முடிவுதான். அவர் வைத்தது ஒரு மூலிகைக் கடை. கண்ணாடி ஜாடிகளில் உலர்ந்த இலைகள், வேர்கள். பக்கத்தில் தியானம் செய்ய ஓர் அறை. அக்குபங்சர், நடனம், மூலிகை வைத்தியம், தற்காப்பு வகுப்புகள். சொல்பேச்சுக் கேட்டு அடங்கி உட்கார்ந்திருப்பதே கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்கு ஒரு பெரிய ஆபத்து என்று அவர் அப்போது சொன்னார். 24 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்துக்கொண்டு அதைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது.

அந்தக் கண்காட்சியில் பார்வையாளர் கண்ணில் படாத ஒரு பகுதியும் இருந்தது. அருங்காட்சியகம் பூட்டியபின், வெளியார் இல்லாமல், இலவசமாகச் சில பயிற்சிகள் நடந்தன. அவற்றைக் காட்சிக்கு வைக்க அவர் மறுத்தார். கறுப்பினப் பெண்கள் இந்த வேலையை எப்போதுமே ஒளிவாகத்தான் செய்துவந்திருக்கிறார்கள். 1867இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இரண்டு பெண்கள் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் ‘யுனைடெட் ஆர்டர் ஆஃப் டென்ட்ஸ்’ என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது, முதியவர்களைக் காப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அதன் வேலை. 1970களில், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சி நடத்திய இலவச மருத்துவ நிலையங்களை உங்களுக்கே தெரியும்.

இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் லீ 2014இல் புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் ஒரு பழைய வீட்டில் ‘ஃப்ரீ பீப்பிள்ஸ் மெடிக்கல் கிளினிக்’ நடத்தினார். நியூயார்க் மாநிலத்தில் சொந்தமாக மகப்பேறு மருத்துவ நிலையம் நடத்திய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று அறியப்படும் டாக்டர் ஜோசஃபின் இங்கிலிஷின் வீடு அது. கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் பெண் குழந்தைகளுக்குப் பிரசவம் பார்த்தவர் அவர்தான். அங்கே ரத்த அழுத்தம் பார்த்தார்கள், யோகா சொல்லிக்கொடுத்தார்கள். பார்வையாளர் என்று வந்தவர் நோயாளியாக உட்கார்ந்து எழுந்துபோனார். சில வாரங்கள். அப்புறம் அதுவும் முடிந்தது.

சிற்பம், வீடியோ, நிகழ்த்துகலை, சமூகப் பணி எல்லாவற்றையும் ஒரே கையால் செய்கிற இவரை உங்கள் உலகம் பின்னர் கொண்டாடியது. 2019இல் நியூயார்க்கின் ஹை லைன் நடைபாதை மேல் அவருடைய ‘பிரிக் ஹவுஸ்’ எழுந்தது. 16 அடி வெண்கலப் பெண். கண்கள் கிடையாது. சடைகளின் நுனியில் சோழிகள். உடல், கேமரூன் பக்கத்து மண் வீட்டின் குவிமாடம் போல இருக்கும். 2022இல், வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கு முழுவதும் அவருக்குக் கிடைத்தது. ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. மையக் கண்காட்சியில் வைத்த ‘பிரிக் ஹவுஸ்’ அவருக்குத் தங்கச் சிங்கம் விருதையும் வாங்கித்தந்தது. எல்லாம் சரி. வெண்கலத்தை நீங்கள் வாங்கினீர்கள். கிளினிக்கை யார் வாங்கினார்கள்?

வெனிஸில் அவர் இன்னொன்றும் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில், கறுப்பினப் பெண் எழுத்தாளர்களையும் ஆய்வாளர்களையும் கலைஞர்களையும் அழைத்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். 19ஆம் நூற்றாண்டில் அடிமையாக இருந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் எஜமானிடமிருந்து தப்பி, வட கரோலினாவில் தன் பாட்டி வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத பொந்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். அந்தப் பொந்தை அவர் எந்தப் பெயரால் எழுதினாரோ அதையே லீ கூட்டத்துக்கு வைத்தார். உலகத்தின் மொத்தக் கவனமும் தன்மேல் இருந்த நேரத்தில், சேர்ந்து உட்கார்ந்து மூச்சுவிட மற்றவர்களுக்கு ஓர் இடம் செய்துகொடுத்தார்.

உங்களில் சிலர் இப்படிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்: நாங்கள் கலை நிறுவனம், ஆஸ்பத்திரி இல்லை. நியாயமான பேச்சு போலத்தான் தோன்றும். ஆனால் ஹவர்டினா பிண்டெல்லை நினைத்துப் பாருங்கள். 1967 முதல் 1979 வரை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர், ஓவியர், ஏ.ஐ.ஆர். என்ற பெண்கள் கலைக்கூடத்தை நிறுவியவர்களில் ஒருவர். சிறுமியாக அப்பாவோடு காரில் போகும்போது கென்டக்கியில் ஒரு கடையில் பானம் குடித்தார்கள். குவளையின் அடியில் சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டார். கறுப்பர்களுக்கான குவளை என்று அடையாளம் வைக்கத்தான் என்று தெரிந்தது. பிற்காலத்தில் அவர் துளைக் கருவியால் ஆயிரக்கணக்கான வட்டங்களை வெட்டி வெட்டித் துணியில் ஒட்டினார். அந்த வட்டத்தைத் தன் கையாலேயே அழகாக மாற்றிக்கொண்டார்.

1979இல் அருங்காட்சியக வேலையை விட்டுக் கல்லூரிப் பேராசிரியரான சில மாதங்களில், கார் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவின் ஒரு பகுதியை இழந்தார். அடுத்த ஆண்டு 12 நிமிட வீடியோ ஒன்று எடுத்தார். கேமராவைப் பார்த்துத் தனக்கு நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாலர் வகுப்பில், கழிவறைக்குப் போகவேண்டும் என்று கேட்டதற்காக ஆசிரியை அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது அதில் ஒன்று. சொல்லும்போது தலையில் வெள்ளைக் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே போகிறார். நடுநடுவே அவரே பொன்னிற விக்கும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரப் பெண்ணாகத் தோன்றி, உனக்கு மனப்பிரமை, எங்களுக்கு இப்படி எதுவும் நடந்ததே இல்லையே என்கிறார்.

இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த விக் வைத்த பெண் வாயைத் திறக்கும் இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. நடந்ததைச் சொன்னால் புத்தி பேதலித்தவள் என்கிற பட்டம். உங்கள் நாட்டு மருத்துவத்தில் இது பழைய பழக்கம். 1851இல் லூசியானாவின் டாக்டர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோய் என்று எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் துறையின் இனவெறிக்கு மன்னிப்புக் கேட்டது 2021 ஜனவரியில். இந்த வரலாறு தெரிந்த ஒரு கறுப்பினப் பெண், மனம் நொந்துபோகும் நாளில் எந்தக் கதவைத் தட்டுவாள்? கலையைச் சிகிச்சைக்கு மாற்றாக நான் சொல்லவில்லை. மருந்து வேண்டியவருக்கு மருந்துதான் வேண்டும். நம்பிப் போக ஓர் இடம் இல்லாதபோது, பிண்டெல்லும் லீயும் போன்றவர்கள் அந்த இடத்தைத் தங்கள் படைப்புக்குள் கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் படைப்பைத்தான் நீங்கள் டிக்கெட் போட்டுக் காட்டுகிறீர்கள்.

உங்கள் சேகரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 31 அமெரிக்க அருங்காட்சியகங்கள் 2008 முதல் 2020 வரை சேர்த்தவற்றில் கறுப்பின அமெரிக்கப் பெண்களின் படைப்புகள் வெறும் 0.5 சதவீதம் என்று பர்ன்ஸ் ஹால்பரின் அறிக்கை கணக்கிட்டது. பணம் இல்லாமல் ஒரு படைப்பு என்ன ஆகும் என்பதற்குக் கறுப்பினச் சிற்பி அகஸ்டா சாவேஜின் கதையே சாட்சி. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அவர் செய்த ‘யாழ்’ சிற்பமும் 16 அடி உயரம்தான். பாடும் கறுப்பினப் பிள்ளைகளே அதில் நரம்புகள். வெண்கலத்தில் வார்க்கவும் வழியில்லை, எங்காவது வைத்துப் பாதுகாக்கவும் பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் சாந்துச் சிற்பத்தை இடித்துத் தள்ளினார்கள். அதைச் செய்வதற்காக விடுப்பு எடுத்திருந்த ஹார்லெம் கலை மையத்து வேலையும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு அவர் நகரத்தையே விட்டு சாகர்டீஸ் என்ற சிற்றூருக்குப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்ன மன உறுதி என்று வியப்பார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவே இல்லை. உறுதியானவள், எதையும் தாங்குவாள் என்று சொல்லிச் சொல்லியே எந்தப் பாரத்தையும் கறுப்பினப் பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் சுவர்க்குறிப்புகளிலிருந்தாவது அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அதேபோல, ஒரு கலைஞரின் மனநோயின் பெயரைச் சொல்லித்தான் அவருடைய ஓவியத்தை விளக்கவேண்டும் என்பதும் இல்லை. அவரே சொல்ல விரும்பினால் சொல்லட்டும்.

இனி காசு விஷயம். ஒரு சிற்பம் பட்டறையை விட்டுக் கிளம்பி உங்கள் கூடத்துக்கு வந்து திரும்பிப் போகிறவரை காப்பீடு எடுக்கிறீர்கள். வந்ததும் ஒரு நிபுணர் விளக்குப் பிடித்து, எங்கே கீறல், எங்கே விரிசல் என்று எழுதிவைக்கிறார். அறையின் ஈரப்பதம்கூட அளவு மீறக் கூடாது. இத்தனையும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. அந்தச் சிற்பத்தைச் செய்தவர் சொந்தத் தொழில் செய்பவர். சம்பளத்தோடு சேர்ந்து வருகிற மருத்துவக் காப்பீடு அவருக்குக் கிடையாது. தன் சமூகத்தின் காயங்களைப் பல மாதங்கள் தோண்டி வேலை செய்யும்படி அவரிடம் கேட்கிறீர்கள். திறப்புவிழா, பேட்டி, நன்கொடையாளர் விருந்து எல்லாவற்றிலும் வந்து நின்று அதையே மறுபடி மறுபடி சொல்லச் சொல்கிறீர்கள். அந்த மாதங்களில் அவர் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதற்கான செலவு உங்கள் ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இதுதான். நோய், இழப்பு, வன்முறை பற்றிய படைப்பை ஒரு கறுப்பினப் பெண்ணிடம் கேட்டு வாங்கும்போது, அவரே தேர்ந்தெடுக்கும் ஆலோசகருக்கான கட்டணத்தை ஒப்பந்தத்தில் தனியாக எழுதுங்கள், அவருடைய ஊதியத்தில் கழிக்காதீர்கள். அவருக்கு உதவ வரும் மூலிகை வைத்தியர், யோகா ஆசிரியர், நடன ஆசிரியர் ஆகியோருக்கும் முறையான கூலி கொடுங்கள். மேடையில் பேச முடியாது என்று ஒருநாள் அவர் சொன்னால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடத்தவேண்டிய நிகழ்ச்சிக்குப் புகைப்படக்காரரை அனுப்பாதீர்கள்.

காத்திருப்பு அறை போன்ற ஒன்று உங்கள் கூடத்தில் திறந்தால், அதை எப்படி மூடுவது என்று யோசிப்பதற்கு முன், பக்கத்துப் பகுதியில் உள்ள சமூக நல மருத்துவ நிலையத்தோடும், அங்கே வேலை செய்கிற கறுப்பின மனநல ஆலோசகர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். கண்காட்சிக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள் அதை நடத்தும் பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். உங்களிடம் இடம் இருக்கிறது, திங்கட்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் அறைகள் இருக்கின்றன, நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு வெண்கலச் சிற்பத்தின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது என்பது உங்கள் கணக்கு அதிகாரிக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட்டை நீங்கள் விவாதிக்கும் கூட்டத்தில் இதை ஒரு தனி வரியாகச் சேருங்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருடைய வேலைக்காக, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை உங்கள் ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பேன்.

அன்புடன்,
இந்தக் கலைஞர்களை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்