எர்த் போடாமல் அந்த மெஷினை ஓட்டாதீர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பி பிளாக் மொட்டை மாடியில் இருக்கும், நம் வீடுகளுக்குச் சுடுதண்ணீர் தரும் ஹீட் பம்ப் மெஷின் பற்றி இதுவரை மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் சேர்த்து "பார்க்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவை ஆங்கிலத்தில் இருந்தன. குழுவில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் தமிழ்தான் பேசுகிறீர்கள், படிகளில் பார்த்தால் நாமும் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். அதனால் இந்த முறை நம் மொழியிலேயே, மற்றவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் ஒருவர் வந்து அந்த வயரிங்கை மாற்றி, எர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை, அளந்து பார்த்து, எழுத்தில் சான்று தரும்வரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள்.

அந்த மெஷினால் மாடியில் ஒருவருக்கு மின்சாரம் தாக்கியதை "லேசான ஷாக்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். அன்று காலை மாடியில் நான் இருந்தேன். இரவு முழுக்க மழை. தளத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா துணி காயப்போட வந்தார். மாடிக் கதவில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பு இருக்கிறது: வெள்ளைப் பூச்சு அழுக்காகும், செருப்பைக் கழற்றிவிட்டு வரவும். அவர் கழற்றிவிட்டுத்தான் வந்தார். ஈரக்கால், ஈரக்கை, ஈரப்புடவை. புடவையைக் கொடிக்கம்பியில் போட்டதும் பின்னால் வீசி எறியப்பட்டார். வாளி உருண்டு டாங்க் பக்கம் போனது. எழுந்து உட்கார்ந்தவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது, கை என்னோடதே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். விரல்களை மடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

அந்தக் கொடிக்கம்பியின் ஒரு முனை மெஷினின் இரும்பு ஸ்டாண்டில் கட்டியிருந்தது. அதைக் கட்டியது குடியிருப்பவர்களாகிய நாங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். மெஷினின் காற்றாடி வீசும் காற்றில் துணி சீக்கிரம் காய்கிறது என்று கட்டினோம். அது தப்பு, அவிழ்த்தாகிவிட்டது. ஆனால் ஸ்டாண்டில் மின்சாரம் ஏறியது கம்பியால் அல்ல.

உடனே மெஷினை நிறுத்தலாம் என்றால் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது. பிளக் லிஃப்ட் மெஷின் அறைக்குள் இருக்கிறது. அறை பூட்டியிருந்தது. சாவி கீழே செக்யூரிட்டியிடம். என் மகன் 5 மாடி இறங்கி, சாவி வாங்கி, மறுபடி ஏறி வந்தான். அக்கா வீசி எறியப்பட்டதால் தப்பித்தார். கம்பியைப் பிடித்த கை விடமுடியாமல் இறுகியிருந்தால், அந்த 5 மாடி நேரமும் அவர் அதில்தான் இருந்திருப்பார். சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே தசை இறுகிக் கையை விடமுடியாமல் போகலாம். இரவில் கண்ணை மூடினால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் வருகிறது.

மறுநாள் என் செலவில் மர்ஃபி டவுனிலிருந்து உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தேன். மெஷினின் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தார், 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டெர்மினல் மூடியைக் கழற்றினார். எர்த்துக்கான பச்சை வயர் இரண்டு அங்குல நீளத்தில் வெட்டப்பட்டு, மடித்து, கருப்பு டேப் சுற்றியிருந்தது. எர்த் இணைக்கப்படவே இல்லை. வயர் உள்ளே நுழையும் துளையில் கிளாண்டு, அதாவது தகர விளிம்பு வயரில் உரசாமல் காக்கும் வளையம், இல்லை. கம்ப்ரஸர் ஓடும்போது ஏற்படும் அதிர்வில் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. போட்டிருப்பது வீட்டுக்குள் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். பைப் கிடையாது. நடுவில் ஒரு ஜாயிண்ட், அதுவும் தண்ணீர் தேங்கும் இடத்தில். ஏறக்குறைய 3 கிலோவாட் இழுத்து மணிக்கணக்கில் ஓடும் மெஷினுக்கு, வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மெஷினுக்கு, இப்படியா வயரிங் செய்வது?

"எம்சிபி இருக்கிறதே, ஏன் ட்ரிப் ஆகவில்லை?" என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி, அதற்குப் பதில் சொல்கிறேன். எம்சிபி என்பது போர்டில் தானாக அணையும் சுவிட்ச், அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். ஓர் ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அந்த அளவு எம்சிபிக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்குத்தான் ஆர்சிசிபி என்ற இன்னொரு சுவிட்ச். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரிகல் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். நம் மெஷினுக்கு அது இல்லை.

நான் ஹீட் பம்புக்கு எதிரி இல்லை. ஆடி, ஆவணி மேகத்தில் சோலார் ஹீட்டர் கைவிட்டபோது, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும் மெஷின் என்று பொதுக்குழுவில் முதலில் கை தூக்கியவள் நான். வெளியில் இருக்கும் காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுப்பதால் அது வெளியில்தான் இருக்க வேண்டும். வெளியில் இருப்பதால்தான் வயரிங் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் என்ன செய்தீர்கள்? பராமரிப்புக்கு வருபவரை அனுப்பினீர்கள். அவர் டேப் சுற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, "ஏனூ ஆகல்ல மேடம்" (ஒன்றும் ஆகாது) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எர்த்தைப் பற்றிக் கேட்டபோது தண்ணீர்க் குழாயில் கட்டிவிடலாம் என்றார். குழாய்கள் பிளாஸ்டிக். அப்படியே இரும்பாக இருந்தாலும், அந்தக் குழாய் நேராக நம் குளியலறைகளுக்குத்தான் வருகிறது. என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கோடையில் வாரம் ஒருமுறை எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார், மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது என்று. அந்தக் குடத்தைத் தூக்கி வளர்ந்த எனக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எர்த் போடும் முறைக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. எண்ணெய்க் குளியலுக்குச் சுடுதண்ணீர் இல்லையென்றால் எப்படி என்று பலர் கேட்டார்களாம். என் வீட்டிலும் பண்டிகைதான். அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் குளித்தோம், யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த மாடிக்கு ஏறுகிறவர்கள் யார்? துணி காயப்போடும் அக்காக்கள், டாங்க் கழுவ வரும் பையன்கள், டிஷ் கட்ட வருகிறவர்கள். வீட்டுக்காரர்கள் பட்டாசு பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை போனால் உண்டு. நுழைவாயில் கிரானைட்டுக்கு இரண்டே கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. இதற்கு மட்டும் மூன்று கொட்டேஷன் வேண்டும், அடுத்த காலாண்டு வேண்டும் என்கிறீர்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட், கழிப்பறைக்குத் தனிச் சாவி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது... சரி, அதைப் பொதுக்குழுவில் பேசுகிறேன். இந்த மடல் மெஷினுக்காக.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். மெஷினுக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன், போதிய தடிமனில் செம்புக் கேபிள், முழு நீளமும் பைப்புக்குள், நடுவில் ஜாயிண்ட் இல்லாமல். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மெஷினிலிருந்து கையெட்டும் தூரத்தில், மழை நுழையாத பெட்டியில் ஒரு ஐசொலேட்டர், அதாவது மெஷினுக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச், அதற்குப் பூட்டு வேண்டாம். கேபிள் நுழையும் இடத்தில் கிளாண்டு. ஸ்டாண்டுக்கும் உடம்புக்கும் முறையான எர்த். செங்கல் மேல் நிற்கும் ஸ்டாண்டைத் தளத்தில் போல்ட் போட்டு, அடியில் ரப்பர் வைத்தால் அதிர்வும் குறையும். கர்நாடக மின் ஆய்வுத் துறையின் உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மாடிக் கதவில் இருக்கும் செருப்பு அறிவிப்பை இன்றே கிழித்துவிடுங்கள், அதற்கு யார் கொட்டேஷனும் வேண்டாம்.

அதுவரை மெஷினை ஓட்டாதீர்கள். மறுபடியும் கேட்கிறேன், அதுவரை ஓட்டாதீர்கள்.

அக்கா இப்போதும் வேலைக்கு வருகிறார். துணி வாளியைத் தூக்கும் முன் தினமும் என்னிடம் "ஆஃப் பண்ணிட்டாங்களாம்மா?" என்று கேட்கிறார். நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒப்பந்ததாரர் ஒருவர் வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். குழுவிலிருந்து ஒருவராவது லிஃப்ட் அறைச் சாவியோடு மாடிக்கு வந்தால் போதும். நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
பி பிளாக்கில் குடியிருக்கும் ஒருத்தி
பெங்களூரு