விமானப் பயணிகளின் தனிமைப்படுத்தல் விதிகளை அடுத்த தொற்றுக்கு முன்பே எழுதி வையுங்கள்: மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலர்களுக்கும், விமான நிலையத்தில் சுகாதாரப் பணி பார்க்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கோவிட் பரவலை உலக அவசரநிலை என்று 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த உலக சுகாதார நிறுவனம், 2023 மே 5 அன்று அந்த நிலை முடிந்ததாகச் சொல்லிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் விமானப் பயணிகளுக்காக எத்தனை விதிகள் வந்தன, எத்தனை முறை மாறின என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். திருமங்கலம் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விமானத்தில் வந்திறங்கியவர்களின் வீடு தேடிப் போய்ச் சுவரில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று காட்டும் வில்லை (ஸ்டிக்கர்) ஒட்டுவதும், காய்ச்சல், இருமல் உண்டா என்று தினமும் விசாரிப்பதும், பயந்துபோன அக்கம்பக்கத்தாரிடம் பேசிப் புரியவைப்பதும் அப்போது எங்கள் அன்றாட வேலையாக இருந்தன. அடுத்த தொற்று வரும்போது பழைய சுற்றறிக்கைகளையே தூசி தட்டி எடுத்துவிடக் கூடாது என்ற கவலையில்தான், நெருக்கடி இல்லாத இந்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். ஒரு பயணியை எத்தனை நாள், எங்கே தனித்து வைப்பது என்பதை நோயின் தன்மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வீட்டில் தனி அறை இல்லாதவருக்கு அந்த நாட்களுக்குரிய இடத்தையும் சாப்பாட்டையும் அரசே இலவசமாகத் தர வேண்டும். இதற்கான திட்டம் மதுரை மாவட்டத்தில் இப்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 2020 மார்ச் மாதக் கடைசியில் நின்றுபோன உள்நாட்டு விமானங்கள் மே 25 அன்று மீண்டும் பறந்தன. அதற்கு முந்தைய நாள் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 7 நாள் தம் சொந்தச் செலவில் அரசு காட்டும் இடத்திலும், அடுத்த 7 நாள் வீட்டிலும் தனித்திருக்க வேண்டும். அந்த ஆகஸ்டு 8 முதல், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் பரிசோதனையில் தொற்று இல்லை என்று சான்று வைத்திருந்தவர்களுக்கு வெளி இடத்தில் தங்குவதிலிருந்து விலக்குக் கேட்க வழி கிடைத்தது. 2021 பிப்ரவரியில் அந்த 96 மணி 72 ஆனது. ஒமைக்ரான் வந்ததும் 2022 ஜனவரியில் எல்லாருக்கும் 7 நாள் வீட்டுத் தனிமை வந்தது. அடுத்த மாதமே அது போய், 14 நாள் தம்மைத் தாமே கவனித்துக்கொண்டால் போதும் என்றானது. கிருமி புதியது, அறிவு வளர வளர விதி மாறத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மாறிய ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி, விமானம் ஏறிவிட்ட ஒரு கட்டடத் தொழிலாளியின் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி தொற்றுக்கு வருகிறேன். விமானத்துக்குள் உட்கார்ந்தாலே நோய் வந்துவிடும் என்று பலரும், அங்கே காற்று வடிகட்டப்படுவதால் ஆபத்தே இல்லை என்று சிலரும் அப்போது பேசினார்கள். இரண்டுமே சரியில்லை. பெரிய பயணிகள் விமானத்தில் காற்று மேலிருந்து இறங்கி இருக்கைகளின் அடிவழியாக வெளியேறுகிறது. மணிக்கு 20 முதல் 30 முறை முழுக் காற்றும் மாறுகிறது. சுற்றி வரும் பகுதி, நுண்துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் வருகிறது. இவ்வளவும் உண்மை. ஆனாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் இருமினால், அந்தக் காற்று வடிகட்டிக்குப் போகும் முன் நம் மூக்கைத் தாண்டித்தான் போகிறது. 2020 மார்ச் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து ஹனோய் சென்ற விமானத்தில், நோயோடு ஏறிய ஒருவரிடமிருந்து 15 பேருக்குத் தொற்றியதாகக் கண்டறிந்தார்கள். அவர்களில் 12 பேர் அவர் இருந்த அதே உயர்வகுப்பில் பயணம் செய்தவர்கள். முகக்கவசம் கட்டாயமாகாத நாட்கள் அவை. 2003இல் சார்ஸ் என்ற மூச்சுநோய் பரவியபோது, ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன மூன்று மணி நேர விமானத்தில் 120 பேரில் 22 பேருக்கு நோய் வந்தது. நோயாளிக்கு ஏழு வரிசை முன்னால் இருந்தவரும் அதில் ஒருவர். முன்னும் பின்னும் இரண்டு வரிசையை மட்டும் தொடர்புப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் எவ்வளவு போதாதது என்பதற்கு இது ஒன்றே போதும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2020 செப்டம்பர் கடைசியில் துபாயிலிருந்து ஆக்லாந்துக்குச் சுமார் 18 மணி நேரம் பறந்த விமானம். அதில் 86 பயணிகள். பலர் புறப்படும் முன் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று சான்று வைத்திருந்தவர்கள். நியூசிலாந்தில் இறங்கிய எல்லாரையும் 14 நாள் அரசு ஏற்பாட்டில் தங்கவைத்து, மூன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் பரிசோதித்ததால்தான் ஏழு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அந்த ஏழு பேரும் நான்கு வரிசைகளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்பிய நேரத்தில், காற்றோட்டத்துக்கு மின்சாரம் தரும் துணை இயந்திரம் அரை மணி அளவுக்கு நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். காற்றோட்டம் நின்றால் என்ன ஆகும் என்பது புதிய செய்தியும் அல்ல: 1977இல் அலாஸ்காவில் இயந்திரக் கோளாறால் தரையில் நின்றுவிட்ட ஒரு விமானத்தில், காற்றோட்டம் இல்லாமல் சில மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களில் 72 விழுக்காட்டினர் அடுத்த மூன்று நாளில் சளிக் காய்ச்சலில் விழுந்தார்கள்.

இதிலிருந்து நம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் பாடங்கள் தெளிவானவை. பறக்கும் நேரத்தைவிட, தரையில் நிற்கும் நேரமும், இறங்க முண்டியடிக்கும் நேரமும், குடியேற்றச் சோதனைக்கும் உடல்வெப்பம் பார்ப்பதற்கும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும் வரிசையும் கவனத்துக்கு உரியவை. அதைவிடவும் கவனிக்க வேண்டியது அதற்குப் பிந்தைய பயணம். வளைகுடாவிலிருந்து வருகிற நம் பக்கத்து ஆட்கள் பலர் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி, ஐந்தாறு பேராகக் காசு சேர்த்து வேன் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு மேலூர் வழியாக வீடு வந்து சேர்கிறார்கள். மணிக்கு இருபது முறை காற்று மாறும் விமானத்துக்கு அத்தனை விதி போட்ட நாம், ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் அந்த வேனுக்கு, ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதைத் தவிர என்ன சொன்னோம்? ஜன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள் என்ற ஒரு வரி, வேன் ஓட்டுநருக்கும் பயணிக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் எவ்வளவோ பயன் இருந்திருக்கும்.

பரிசோதனைச் சான்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோவிட் முதலில் வந்தபோது, தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஏறத்தாழ ஐந்து நாள் ஆனது; அறிகுறி வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் பன்னிரண்டு நாளுக்குள் வந்துவிட்டது. 14 நாள் என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது. தொற்றிய முதல் இரண்டு மூன்று நாளில் பிசிஆர் பரிசோதனையும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அப்படியிருக்க, நான்கு நாளுக்கு முன் எடுத்த சான்றைப் பார்த்து ஒருவரை நேரே கூட்டுக் குடும்பத்துக்குள் அனுப்புவது, அவருடைய வீட்டில் உள்ள முதியவர்களைச் சூதாட்டத்தில் வைப்பதற்குச் சமம். அதே நேரத்தில், ஒமைக்ரான் காலத்தில் அறிகுறி மூன்று நாளிலேயே தெரிய ஆரம்பித்த பிறகு, பழைய நாள்கணக்கைப் பிடித்துக்கொண்டு கூலி வேலைக்காரரை வீட்டில் உட்காரவைப்பதிலும் நியாயம் இல்லை. வந்த பிறகு இத்தனையாம் நாள் பரிசோதனை, அதில் ஒன்றும் இல்லையென்றால் இத்தனையாம் நாள் விடுவிப்பு என்று கிருமிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் விதிதான் வேண்டும்.

வீட்டுத் தனிமை என்று எழுதியவர்கள் எந்த வீட்டை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று எனக்கு அப்போதே வருத்தம் உண்டு. டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வளைகுடாவிலிருந்து ஒரு தம்பி திரும்பி வந்தார். ஓட்டு வீடு, ஒரே அறை, வயதான தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள், கழிப்பறை பக்கத்து வீட்டோடு பொது. தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள் என்று அச்சடித்த தாளை நான் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். தகரக் கதவு, மோட்டாரின் எண்ணெய் வாடை, இரவில் பாம்புப் பயம். அவருடைய தாயார் காலையும் மாலையும் தூக்குவாளியில் சோற்றைக் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டு, அவர் எடுத்துச் சாப்பிடும்வரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குடும்பம் விதியைக் காப்பாற்றியது. விதி அவர்களைக் காப்பாற்றவில்லை. மோட்டார் ரூம்கூட இல்லாத, சொந்த நிலமே இல்லாத குடும்பங்கள் என்ன செய்திருக்க முடியும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சம்பள பாக்கியை விட்டுவிட்டு, கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வந்தவர்களிடம் ஏழு நாள் ஓட்டல் செலவைக் கேட்பது அறத்துக்கு மட்டும் அல்ல, நாம் ஒப்புக்கொண்ட சட்டத்துக்கும் பொருந்தாது. 2007 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு சுகாதார ஒழுங்குமுறைகளை இந்தியா ஏற்றுக்கொண்டுள்ளது. அதன் 40ஆம் பிரிவு, குடியேற வருகிறவர்களைத் தவிர மற்றப் பயணிகளிடம், தனிமைப்படுத்தலுக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. 32ஆம் பிரிவு, தனித்து வைக்கப்படும் பயணியை மரியாதையோடு நடத்தி, உணவு, குடிநீர், தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தருவதோடு, இயன்றவரை அவருக்குப் புரியும் மொழியில் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் பல இடங்களில் கல்லூரி விடுதிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் இலவசமாக இடம் கொடுத்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அந்தந்த அதிகாரிகளின் நல்ல மனத்தால் நடந்த அதை, கேட்டுப் பெறும் உரிமையாக்குங்கள்.

தனிமைப்படுத்தல் நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை, கொள்ளைநோய்க்கும் பெரியம்மைக்கும் காலராவுக்கும் அஞ்சி, கப்பலேற்றும் முன் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்துத்தான் அனுப்பினார்கள். மதுரை வழியாக இரயிலில் போன அந்த மக்களுக்கு ஏன் அடைக்கப்பட்டோம் என்று விளக்கிச் சொன்னவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நூறு ஆண்டு கழித்தும் கையில் அழியாத மையில் முத்திரை குத்துவதும், வாசலில் வில்லை ஒட்டுவதும்தான் நம் முதல் வேலையாக இருந்தன. அந்த வில்லையை ஒட்டிய கையோடு சொல்கிறேன்: அது நோயைத் தடுத்ததைவிடப் பழியைப் பரப்பியதே அதிகம். வில்லை ஒட்டிய வீட்டுப் பெண்ணைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. கடைக்காரர் பால் பாக்கெட் கொடுக்க மறுத்தார். அதைப் பார்த்த அடுத்த தெருக்காரர், தன் மகன் ஊர் வந்ததையே எங்களிடம் மறைத்தார். மறைத்த வீட்டில்தான் தொற்று ஓசையில்லாமல் வளரும்.

தமிழ்நாட்டில் கோவிட்டால் நேர்ந்த முதல் மரணம், 2020 மார்ச் 25 அன்று நம் அரசு இராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. இறந்தவர் வெளிநாடு எங்கும் போய் வராதவர். விமான நிலையத்தில் எல்லாரும் உடல்வெப்பக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே நோய் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. அறிகுறி இல்லாமல் கடந்து போகிறவரை அந்தக் கருவி ஒருநாளும் பிடிக்காது. ஆகவே பயணிகளைத் தனிமைப்படுத்துவதால் கிடைப்பது சில வாரங்கள் அவகாசம்தான். அந்த அவகாசத்தில் படுக்கைகளும் ஆக்சிஜனும் பரிசோதனைக் கூடங்களும் தயாராக வேண்டும். ஊருக்குள் பரவல் வந்துவிட்ட பிறகு, விமானப் பயணியை மட்டும் குற்றவாளிபோல நடத்தும் விதியைத் தளர்த்திவிட்டு, அங்கே நிற்கும் பணியாளர்களை ஊர்ப் பணிக்குத் திருப்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் அதைச் செய்வது என்பதும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. விமான நிலையம் இருக்கும் பெருங்குடி, அவனியாபுரம் சுற்று வட்டாரத்திலும், தோப்பூர், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளிலும், காற்றோட்டமுள்ள தனி அறைகளும் போதிய கழிப்பறைகளும் கொண்ட விடுதிக் கட்டடங்களை இப்போதே கணக்கெடுத்து, அவசரத்தில் கையிலெடுக்க அவற்றின் உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டுவையுங்கள். பெண்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் தனிப் பகுதி குறித்துவையுங்கள். தனித்திருக்கும் நாட்களுக்குக் கூலி இழப்பவர்களின் குடும்பத்துக்கு அரிசியும் ஒரு சிறு தொகையும் ரேஷன் கடை வழியாகப் போகட்டும். பட்டினியோடு யாரும் வீட்டில் அடங்கியிருக்க மாட்டார்கள். விதி மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பு, பயணி புறப்படும் முன்பே அவருடைய அலைபேசிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். வீட்டில் தனி அறை உண்டா, கழிப்பறை தனியா, எழுபது வயதைக் கடந்தவர் உண்டா என்ற மூன்று கேள்விகளை இறங்கும் இடத்திலேயே கேட்டு, வீட்டுக்கா விடுதிக்கா என்று அங்கேயே முடிவு செய்யட்டும். வில்லைக்குப் பதிலாகக் கிராம சுகாதார செவிலியரின் தினசரி அலைபேசி அழைப்பு போதும்.

இந்தத் திட்டத்தின் வரைவை எழுதும்போது, 2020இலும் 2021இலும் வீடு வீடாகப் போன சுகாதார ஆய்வாளர்களையும் செவிலியர்களையும், வளைகுடாவிலிருந்து திரும்பிய சிலரையும் அழைத்துக் கேட்டு எழுதுங்கள். வரைவை ஊராட்சி அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைத்து, வரும் கிராம சபைக் கூட்டங்களில் படித்துக் காட்டி, கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.