லிபரேட்டருக்கு மறுபடி உயிர் கொடுத்த கைகளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா வேலை பார்த்த விமானத்தைத் தேடி இரண்டு வருஷமாக அலைந்ததில் எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் நிறையப் பேர். தனித்தனியாகப் போன் போட்டு நன்றி சொல்லியும் மனசு ஆறவில்லை, அதனால் நாலு பேர் பார்க்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாத்தா பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷீட் மெட்டல் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உலோகத் தகடுகளைப் பொருத்துகிறவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடம் இருந்த அமெரிக்க பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது. போர்க்கால ஒப்பந்தத்தில் வாங்கியவை அவை, திருப்பித் தரவேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். அதனால் இனி யாரும் ஓட்டவே கூடாது என்று எஞ்சினுக்குள் மணலைக் கொட்டி, உடம்பை வண்டிகளால் இடித்து நாசமாக்கிவிட்டுத்தான் போனார்கள். 1948இல் எச்.ஏ.எல். ஆட்கள் அங்கே போய், ஒன்றில் நல்லதாக இருந்ததைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் சரிசெய்து கொடுக்க, சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த நிலையில் இருந்த நாலு எஞ்சின் விமானத்தை நம்பி உட்கார்ந்த அந்த மனுஷருக்கு முதல் கும்பிடு.

முழுப் பழுதுபார்ப்பு பெங்களூரில். இதை அவர்களால் எப்படிச் செய்ய முடிந்தது என்பதைப் புரியவைத்தவர் அல்சூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஐயா ஒருவர், தாத்தாவுக்குப் பல வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். போரின்போது 1943 முதல் அந்தத் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் இடமாக இருந்தது. அங்கே பழுதுபார்த்த டகோட்டா, கேட்டலினா விமானங்களில் உள்ள அதே ட்வின் வாஸ்ப் எஞ்சின்தான் லிபரேட்டரிலும். கைகளுக்கு ஏற்கெனவே பழக்கம்.

தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடிப்பதையும் ஐயா செய்தே காட்டினார். வெளியே ஒருவர் ரிவெட் கன்னோடு நிற்பார், உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. தகட்டில் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் இன்னும் அடி. தாத்தா கடைசி வரைக்கும் சாப்பாடு போதும் என்பதற்கு மேஜையில் ஒரு தட்டுத்தான் தட்டுவார். எங்களுக்கு அது அவருடைய பழக்கம், அவ்வளவுதான் தெரியும். ஐயா தட்டிக் காட்டிய அன்றைக்கு அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல?

1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு இந்த விமானங்களோடு உருவானது. அப்புறம் 6ஆம் படைப்பிரிவு இவற்றை வைத்துக் கடலைக் கண்காணித்தது. மொத்தம் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். அழிக்கப்பட்டவை என்று எழுதப்பட்டவை 1968 வரை பறந்தன! அமெரிக்காவில் 18,000க்கு மேல் செய்த விமானம் இது, போர் முடிந்ததும் அவர்களே வெட்டி உருக்கிவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் மிஞ்சிய சிலவற்றில் பல நம் கான்பூர்க் குப்பையிலிருந்து எழுந்து வந்தவை. ஒன்று அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில், ஒன்று கனடாவில். இன்னொன்றைக் கழற்றி இங்கிலாந்து வழியாக அமெரிக்கா கொண்டுபோய் காலிங்ஸ் அறக்கட்டளை மறுபடி புதுப்பித்து 1989இல் பறக்கவிட்டது. அந்தப் பட்டறைக்காரர்களுக்கும் நன்றி, அவர்களுக்கு முன்னால் அதே உடம்பில் நம் ஆட்கள் கை வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

லண்டன் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பது 1974இல் இந்தியாவிலிருந்து தானே பறந்து இங்கிலாந்து போனது. எங்களை அங்கே காரில் கூட்டிப்போன சித்தி மகனுக்கும், தாத்தா கதையைக் கேட்டதும் டார்ச் எடுத்துக்கொண்டு வந்த அருங்காட்சியகப் பெரியவருக்கும் ரொம்ப நன்றி. குண்டு வைக்கும் அறையின் கதவு கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு மேலேறும், நடுவில் ஓர் அடிகூட அகலம் இல்லாத நடைபாதை. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா அப்பா உட்கார்ந்து வேலை செஞ்சார்?" என்றார். வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை.

பெரியம்மா, நீங்கள் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இவ்வளவும். அதில் இருந்த போட்டோவில் தாத்தாவோடு பதினோரு பேர் நிற்கிறார்கள், மூன்று பேர் யார் என்று கண்டுபிடித்துவிட்டோம். உங்கள் வீட்டில் யாராவது 1948, 49 வாக்கில் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், போட்டோவை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.