பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுக்கும் மகளுக்கு

கயல் கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்டர்ன்ஷிப்புக்காகக் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி லால்குடியில் இறங்கி பேங்குக்குப் போனால் சாயங்காலம் வரை பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுப்பதும் செல்லான் எழுதிக் கொடுப்பதும்தான் வேலை, பத்து நாளாகியும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, இதற்குப் பேசாமல் ஹாஸ்டலிலேயே இருந்திருக்கலாம் என்றாய். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1986-ல் வேலைக்குச் சேர்ந்தபோது கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆள் உயர அலமாரியில் லெட்ஜர்கள், பணம் வாங்க வருகிறவர் கையில் பித்தளை டோக்கன். முதல் ஆறு மாதம் எனக்கும் லெட்ஜரில் பதிவு போடுகிற வேலைதான். ஆனால் அந்த ஆறு மாதத்தில்தான் ஊரைத் தெரிந்துகொண்டேன். எந்த வீட்டுக்கு எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் வற்றிப்போகும், யார் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தது. இன்றைக்கு அது நீ மெஷினில் செருகுகிற பாஸ்புக்கில் இருக்கிறது. அச்சாகி வெளியே வந்ததும் அப்படியே நீட்டிவிடாதே. ஒரு நிமிஷம் வரிகளைப் பார்.

இப்போது ஜூன் மாதம், 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்த வரிகள் நிறைய வரும். "என் பணத்தை யாரும்மா எடுத்தது?" என்று சண்டைக்கே வருவார்கள். 436 ஜீவன் ஜோதி காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு. ஜூன் 1 முதல் மே 31 வரைக்குமான பிரீமியம், அதில் சேர்ந்தவர்கள் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். முதலாவதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், இரண்டாவதில் விபத்தில் இறந்தால் 2 லட்சம். இதைச் சொல்லாமல் 'இன்சூரன்ஸ்' என்று ஒற்றை வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள், கூட்டம் அப்படி. நீ சொல்லு. வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வைக்கச் சொல்லு.

2019-ல் ஒரு அம்மா, வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், இறந்துபோன கணவரின் கணக்கை முடிக்க வந்திருந்தார். இருப்பு ஆயிரத்துச் சொச்சம். கணவர் கொத்தனார், நெஞ்சு வலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். முடிப்பதற்கு முன்னால் கடைசியாக என்ட்ரி போட்டுப் பார்த்தேன், அதற்கு முந்தின வருஷம் மே மாதக் கடைசியில் 330 ரூபாய் பிடித்திருந்தது. அப்போது அந்தக் காப்பீட்டுக்கு 330தான், 2022 ஜூனிலிருந்துதான் 436. அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கணக்கை முடிக்க வேண்டாம், இருங்கள் என்று உட்கார வைத்து, விண்ணப்பம் எழுதி, இறப்புச் சான்றிதழ் வைத்து அனுப்பினோம். சில வாரங்களில் 2 லட்சம் வந்தது. என்னுடைய சர்வீஸில் எத்தனையோ கோடி என் கை வழியாகப் போயிருக்கிறது, எனக்கு நினைவில் நிற்பது அந்த 330 ரூபாய் வரிதான். அன்றைக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் கணக்கை முடித்திருந்தால் அவர் ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு போயிருப்பார். மூன்று பிள்ளைகள் கண்ணு.

அப்புறம் நாமினி, அதாவது கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணத்தை வாங்கிக்கொள்ள அவர் எழுதி வைக்கும் ஆள். கணக்கு திறக்கும் படிவத்தை நீ நிரப்பிக் கொடுக்கும்போது அந்த இடத்தைக் காலியாக விடவே விடாதே. உன் தாத்தா வேறொரு பேங்கில் வைத்திருந்த கணக்கில் நாமினி இல்லை. நாமினி வசதி 1985-லேயே வந்துவிட்டது, நானும் பேங்கில்தான் இருந்தேன், ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக உன் பாட்டி தாலுகா ஆபீஸுக்கு நடந்தது ஏழு மாதம். இப்போது, 2025 நவம்பர் 1-லிருந்து, ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். சிலர் 'எதுக்கும்மா இப்பவே சாவைப் பத்தி' என்பார்கள். அவசரப்படாமல், மரியாதையாக, இன்னொரு தரம் கேள்.

செல்லான் எழுதத் தெரியாமல் வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசு. எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது. அங்கே பார்த்த எந்த இருப்பையும் ஹாஸ்டலில் பேசாதே, பெயர் சொல்லாமல்கூட.

மேனேஜரிடம் கேட்டு ஒரு நாளாவது நகைக்கடன் மேஜை பக்கத்தில் நில். மேட்டூர் திறக்கிற மாதம், பள்ளிக்கூடமும் திறக்கிற மாதம், குறுவைக்கும் ஃபீஸுக்கும் சேர்த்து நகை வரும். நகையை மதிப்பிடும் அப்ரைசர் உரைகல்லில் உரசுவதை எல்லோரும் பார்ப்பார்கள், நீ அவர் எடையை எப்படி எழுதுகிறார் என்று பார். மொத்த எடை ஒன்று, கல்லும் அரக்கும் அழுக்கும் கழித்த நிகர எடை ஒன்று. கடன் நிகர எடைக்குத்தான். கழிப்பதைக் கடன் வாங்குகிறவர் கண்ணெதிரே செய்து சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மீட்க வரும் நாளில் மனக்கசப்பு. பிறகு நகை பையில் சீலாகி இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பெட்டகத்துக்குள் போகும். ஒரு சாவி ஒருவரிடம், இன்னொன்று வேறொருவரிடம். பேங்க் நடப்பதே அந்த ஏற்பாட்டில்தான். கம்ப்யூட்டரிலும் அதேதான், ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பாஸ் பண்ண வேண்டும்.

இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கூட்டமாக இருக்கிறதே என்று யாராவது பாசத்தோடு, "என் ஐடியில் நீயே போட்டுவிடும்மா" என்று பாஸ்வேர்டைச் சொன்னால் போடாதே. பணக்கட்டையும் தொடாதே. "அப்பா வேண்டாம்னு சொல்லிருக்காங்க சார்" என்று என் தலையில் போட்டுவிடு, பரவாயில்லை. பெரிய தப்பு எதுவும் செய்யாமலே, அடுத்தவருக்கு உதவப்போய் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் விசாரணைக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மதியம் சாப்பிடாமல் இருக்காதே. அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், சனிக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம். வரும்போது உன் பாஸ்புக்கையும் கொண்டு வா. காலேஜ் சேரும்போது அவசர அவசரமாகத் திறந்த கணக்கு அது, நாமினி போட்டோமா என்று எனக்கு நினைவில்லை.

அப்பா
பட்டுக்கோட்டை