போர்டு வரட்டும் என்று பாடத்தைத் தள்ளிவைக்காதீர்கள்

கெடா மாநிலப் பாடாங் செராயில் மாலைக் கணினி வகுப்பு நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

சின்னச் சிப்புகளில் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் மைய நிரலான கெர்னல் பற்றிய பாடத்தை, ஆளுக்கொரு போர்டு (சிப் பொருத்திய சிறு பலகை) வாங்கக் காசு சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று பேசியிருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். மண்டபத்தில் இருக்கும் பழைய கணினிகளே போதும்.

க்யூஎமு என்ற இலவச மென்பொருள் 2003-லிருந்தே இருக்கிறது. கோர்டெக்ஸ் எம்3 சிப் உள்ள போர்டு ஒன்றை அது கணினிக்குள்ளேயே ஓட்டிக் காட்டும், ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவசக் கெர்னலுக்கு அதில் ஓடும் மாதிரி நிரலும் கிடைக்கிறது. போர்டில் விளக்கு மின்னுவது தெரியும், ஆனால் கெர்னல் ஒரு டாஸ்க்கை (தனியாக ஓடும் ஒரு வேலையை) விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, நிரலை நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கர் கருவி தனியாக இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாது. க்யூஎமுவில் ஜிடிபி என்ற டீபக்கர் மென்பொருளை இணைத்து அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். சிப் தானாகவே எட்டு ரிஜிஸ்டர்களை (சிப்புக்குள் மதிப்புகள் இருக்கும் சிறு இடங்களை) ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைத்திருப்பதையும், ஆர்4 முதல் ஆர்11 வரை உள்ளவற்றைக் கெர்னல் எடுத்து வைப்பதையும் பிள்ளைகள் ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம், குழப்பிவிட்டால் மறுபடி ஓட்டினால் சரி, எதுவும் எரிந்துபோகாது.

டாஸ்க் மாறுவதில் சிக்கல் வந்த கதை ஒன்று உண்டு. 1997-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய நாசா விண்கலம் பாத்ஃபைண்டர் அடிக்கடி தானாக ரீசெட் ஆனது. முன்னுரிமை குறைந்த டாஸ்க் ஒன்று பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் உள்ளே விடும் ஏற்பாட்டை) பிடித்திருக்க, அதை நடுத்தர டாஸ்க் ஓடவிடாமல் தடுக்க, மிக அவசரமான டாஸ்க் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. பூமியில் இருந்த நகல் கருவியில் அதே கோளாறை வரவழைத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் பிள்ளைகளும் மூன்று டாஸ்க் எழுதி அதைச் செய்து பார்க்கட்டும்: ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பூட்டாகப் பைனரி செமாஃபோர் போட்டால் சிக்கும், மியூடெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பூட்டைப் போட்டால் அதைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு அவசர டாஸ்க்கின் முன்னுரிமை கைமாறி விடுபடும். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். க்யூஎமு காட்டும் நேரம் நிஜச் சிப்பின் நேரம் அல்ல, பட்டனை அழுத்தும்போது மின்தொடர்பு விட்டுவிட்டு வரும் அதிர்வும் அதில் இருக்காது. அதற்கு இரண்டு மூன்று போர்டு வாங்கி, கடைசி மாதத்தில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

பக்கத்தில் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆப்பரேட்டர் வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். சிப்புக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவர்களாகவும் சிலர் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை.

மண்டபச் சாவியைக் கொடுங்கள். இந்தச் சனிக்கிழமையே வந்து எல்லாக் கணினியிலும் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன், அப்புறம் முதல் வகுப்புக்கும் கூட உட்காருகிறேன்.